பயணம் சொன்னவன்

"பயணம் சொல்லிக்க வந்தேன் பெரியம்மா."

"எங்கத்தா போறே, துபாயா?"

"சார்ஜா. இன்னிக்கி சாயங்காலம் மெட்ராஸ் போறேன். நாளைக்கு வியாழக்கிழமை இன்டர்வியூ, சனிக்கிழமை பிளைட்டு."

"வேல கெடைச்சப்பறம்தானே பயணம் சொல்லுவாங்க? நீ இன்டர்வியூவுக்கே சொல்றியே!"

"ஆளு எடுத்துட்டா ஊருக்குத் திரும்பி வர நேரமில்லையாம். பெட்டியோட வரச் சொல்லிட்டாரு ஏஜெண்டு. ஏதாச்சும் மனசு நோவப் பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க. துஆ செய்யுங்க."

"நீ என்னத்தப் பேசினே, வாயில்லாப் பூச்சி! நல்லபடியா போய்ச் சேரு. இந்தா, இந்த முறுக்கு டப்பாவ எம்பேரன்கிட்ட சேத்துடு."

லப்பைக்குடிக்காட்டிலிருந்து அரபு நாட்டுக்குப் போகிறவன் வீட்டுக்கு வீடு நின்று இப்படிப் பயணம் சொல்லிக்கொண்டு போவது வழக்கம். சபர் என்று சொல்லும் வெளிநாட்டுப் பயணம் போகிறவன் மேல் யாருக்கும் மனக்குறை இருக்கக் கூடாது. அவன் கையில் எதையாவது கொடுத்தனுப்பாத வீடும் இருக்காது. தெருவை முடித்துவிட்டுத் தவ்ஹீத் வீடு திரும்பும்போது கூடத்தில் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. கைலி, பருப்புப் பொடி, மருதாணி, பிறந்த பிள்ளையைப் பார்க்காத தகப்பனுக்கு அந்தப் பிள்ளையின் போட்டோ.

வீடு அவனுடையதல்ல. சார்ஜாவில் கட்டடக் கம்பெனியில் மேஸ்திரிகளுக்கு மேலாளாக இருக்கும் அண்ணன் நஜீமுதீன் கட்டியது. பின்னாலிருந்த ஓர் அறையில் தவ்ஹீதும் அவன் மனைவி மர்ஜியாவும் இருந்தார்கள். சமையலறைச் சாவி அண்ணன் மனைவி ஜரீனாவின் இடுப்பில் இருந்தது. சமையல் மட்டும் மர்ஜியாவுடையது.

"இத்தன பேருக்குப் பயணம் சொல்லியாச்சு," என்றாள் ஜரீனா, பொட்டலங்களைக் காலால் ஒதுக்கியபடி. "பாத்துக்க. சமதும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு."

சமது என்ற மனிதர் பல வருடங்களுக்கு முன்னால் இதே போலத் தெரு முழுக்கப் பயணம் சொல்லிவிட்டுப் போய், ஏஜெண்டிடம் ஏமாந்து மெட்ராஸிலிருந்தே திரும்பி வந்தவர். அன்றைக்கு வைத்த பெயர், 'மெட்ராஸ் சபராளி.' இப்போது பெரம்பலூரிலிருந்து பிஸ்கட் டின் எடுத்து வந்து கடைகளுக்குப் போடுகிறார். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோதுகூட, "மெட்ராஸ் சபராளி மவ பாஸாயிட்டா" என்றுதான் தெரு பேசியது.

"ஏன் மதினி போற நேரத்துல இதெல்லாம்?" என்றாள் மர்ஜியா.

"நான் என்ன சாபமா குடுத்தேன்? எச்சரிக்கை சொன்னேன்."

அறைக்குள் போனதும் மர்ஜியா கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அவங்க பேச்ச விடுங்க. ஒங்களுக்கு வேல தெரியும். மோட்டார் காயில் கட்டறதுல பெரம்பலூர்ல ஒங்கள வுட்டா ஆளு யாரு?"

"வேலைக்கு பயமில்ல மர்ஜியா. வயசுதான். முப்பதுக்குள்ள இருக்கறவனத்தான் எடுக்கறானாம். எனக்கு நவம்பர்ல முப்பது முடியுது. இந்தத் தடவ வுட்டா வேற தடவ கெடையாது."

"கெடைக்கும். மூணு வருசம் நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துக்குவேன். திரும்பி வரும்போது எனக்குன்னு ஒரு அடுப்பு. ஒத்த ரூம்பு போதும். ஒரு டீ போடணும்னா யாரையும் கேக்காம போடணும்."

"போடலாம். பாஸ்போர்ட்ட சட்டைப் பையில வெச்சுக்கவா?"

"அய்யோ, மெட்ராஸ்ல ஜேப்படிக்காரன் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள அடிச்சுருவானாம். பைக்கு நடுவுல, கைலில சுத்தி வெக்கறேன். சுத்தியும் சாமான் இருந்தா எவன் கையும் போவாது."

பையைக் கட்டும் நேரத்தில்தான் பின்வாசலில் குரல் கேட்டது.

"தம்பி, கெளம்பிட்டீங்களா?"

கொளஞ்சியம்மாள். ஆற்றுப் பக்கத்துத் தெருவில் இருப்பவள். அவள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கியவர்கள். மகன் கலைமணிதான் முதல்முதலாக விமானம் ஏறினான், நஜீமுதீனுக்குக் கீழே கம்பி கட்டும் வேலைக்கு. முந்தானைக்குள்ளிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள்.

"நார்த்தங்கா ஊறுகா தம்பி. அவனுக்கு சோத்துக்கு இது இல்லன்னா எறங்காது. ரெண்டு வருசமாச்சு."

"எங்க வூட்டுலேருந்து ஊறுகா போவலியா கொளஞ்சி?" என்றாள் ஜரீனா உள்ளிருந்து. "பையில எடமில்ல. வேணாம்."

"எடமிருக்குக்கா, குடுங்க," என்று மர்ஜியா வாங்கிக்கொண்டாள். "கசியாதுல்ல?"

"எப்படிம்மா கசியும்? மூடிய இறுக்கி, மேல மெழுகு உருக்கி ஊத்தி, துணி போத்தி, சணல்ல கட்டியிருக்கேன். தலைகீழா தொங்க வுட்டுப் பாத்துட்டேன், ஒரு சொட்டு வரல."

தவ்ஹீத் பாட்டிலை வாங்கிப் பைக்குள் வைத்தான்.

"இது அமானிதம்க்கா. ஒருத்தர் நம்பிக் குடுத்த பொருளு. கலைமணி கையில வெச்சுட்டுத்தான் எனக்கு மத்த வேல."

"எம்மவன் இளச்சிருக்கானான்னு பாத்து எழுதுங்க தம்பி. போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்றான்."

புதன்கிழமை சாயங்காலம் பெண்ணாடத்தில் ரயில் ஏறினான். விழுப்புரம் தாண்டியதும் மடியில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான். ரொட்டி மட்டும்தான் இருந்தது. கிளம்பும் நேரத்தில் ஜரீனா மர்ஜியாவை ஏதோ வேலைக்கு ஏவியதில், தொட்டுக்கொள்ள ஒன்றும் செய்ய நேரமில்லாமல் போயிருந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், தாம்பரம் போகிறவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தம்பி, வெறும் ரொட்டிய மெல்லுறீங்க? தொண்டையில இறங்குமா?"

"பழக்கம்தாங்க."

"அந்தப் பையில அவ்வளவு சாமான் இருக்கு. ஒரு ஊறுகாகூடவா இல்ல?"

இரண்டாவது ரொட்டி நெஞ்சை அடைத்தது. தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை. காலையிலிருந்து வீடு வீடாக நின்றதில் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. பைக்குள் கையை விட்டான். சணல் முடிச்சைப் பல்லால் இழுத்தான். மெழுகை நகத்தால் சுரண்டினான்.

"அப்பா, என்ன வாசன! யாரு போட்டது?"

"தெரிஞ்சவங்க."

"ஒங்களுக்குன்னு குடுத்தாங்களா?"

"ஆமா," என்றான் தவ்ஹீத்.

ஒரே ஒரு துண்டு. மூடியைத் திரும்ப முறுக்கி, உதிர்ந்த மெழுகைக் கட்டை விரலால் அழுத்தி, சணலைச் சுற்றி, பாட்டிலைப் பைக்குள் செருகினான். அது சாய்ந்து கைலிச் சுருட்டின் மேல் படுத்துக்கொண்டது. அவன் கவனிக்கவில்லை. மிச்ச ரொட்டி சுகமாக இறங்கியது.

விடிந்து எழும்பூரில் இறங்கியதும் ஊர் அவனைத் தள்ளத் தொடங்கியது.

"சார், இந்த பஸ்ஸு மண்ணடி போவுங்களா?"

"பாரிஸ் கார்னர்ல எறங்கி நட. மூட்டைய தூக்கிக்கினு படில நிக்காத, உள்ள போ, போ!"

பாரிமுனையில் ஒரு பழக்கடைக்காரனிடம் விலாசத் தாளை நீட்டிக் கேட்டான். "அண்ணே, இந்தத் தெரு எங்கருக்கு?"

"நேரா போயி லெப்ட்ல கட் பண்ணு. எந்த ஊருபா நீ?"

"பெரம்பலூர் பக்கம்ண்ணே. மெட்ராஸுக்கு இதான் மொத தடவ."

"மெட்ராஸ்னு சொல்லாத, சென்னை. பேர மாத்தி மூணு வருசம் ஆவுது. ஏஜெண்டு ஆபீசுதானே? போ, போ, டெய்லி நூறு பேரு இப்டித்தான் பைய தூக்கிக்கினு வரான். வாரத்துக்கு எத்தினி பேரு திரும்பிப் போறான்னு என்னக் கேளு."

ஆபீஸ் மூன்றாவது மாடியில். படிக்கட்டு முழுக்க ஆட்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. மொட்டை மாடியில் ஒரு மேசை மேல் பழைய மோட்டாரும் செப்புக் கம்பிச் சுருளும் வைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்திருந்த மேனேஜர் மலையாளி. நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்திருந்தார்.

"காயில் கட்டு. பாக்கட்டே."

தவ்ஹீத் கட்டினான். ஊர், மூட்டை, படிக்கட்டு எல்லாம் மறந்துபோனது. மோட்டாருக்கு லைன் கொடுத்ததும் அது முனகாமல் சுற்றியது. மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து காதை வைத்துக் கேட்டார்.

"எத்தனை வருஷம் வேல?"

"பன்னெண்டு வருசம் சார். பம்புசெட்டு, கிரைண்டர், சிமெண்டு பேக்டரி மோட்டார் எல்லாம் கட்டியிருக்கேன்."

"நல்ல கை. ஆள் ஓகே. வயசு?"

"இருவத்தொம்போது சார்."

"சனியாழ்ச்ச பிளைட். பெட்டி கொண்டு வந்தில்லே? பாஸ்போர்ட் எடுக்கு."

ஏஜெண்டின் ஆள் அவன் தோளில் தட்டினான். "அடிச்சிட்டே பாய்!"

பையைத் திறந்ததும் வாசனைதான் முதலில் வந்தது. தவ்ஹீத் கைலியைப் பிரித்தான். எண்ணெய் சொட்டியது. பாஸ்போர்ட் மஞ்சளும் மிளகாயுமாக ஊறிக் கிடந்தது. திறக்கப் பார்த்தான், இரண்டு பக்கம் சேர்ந்து கிழிந்தது. பேனாவில் எழுதியிருந்த அவன் பெயரும் பிறந்த தேதியும் நார்த்தங்காய்ச் சாற்றில் கரைந்து நீலமாக வழிந்திருந்தன. போட்டோவில் ஒரு காது மட்டும் மிஞ்சியிருந்தது.

மேனேஜர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னா?"

"ஊறுகா கசிஞ்சிருச்சு சார். வெயில்ல காய வெச்சா..."

"காஞ்சா பேரு வருமோ?"

"சார், நான்தான் சார் அது. ரேஷன் கார்டு இருக்கு, பள்ளிக்கூட சர்டிபிகேட் இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தா..."

"விசா எவிட அடிக்கும்? ரேஷன் கார்டிலோ? எம்பசில இத எடுத்து எறியும். புதுசு வாங்கிட்டு வா."

"புதுசுக்குத் திருச்சில போட்டா ஆறு மாசம் ஆவும் சார். நவம்பர்ல எனக்கு முப்பது."

"அப்போ சரியாவில்ல."

"சார், நீங்களே சொன்னீங்க நல்ல கைன்னு. வேற பத்து மோட்டார் கட்டிக் காட்டறேன் சார். மூணு வருசத்துக்குப் பதிலா அஞ்சு வருசம் லீவில்லாம இருக்கேன். ஊருல எல்லாருக்கும் பயணம் சொல்லிட்டு வந்துட்டேன் சார்!"

"அதுக்கு ஞான் எந்து செய்யான்?" என்றார் மேனேஜர். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனாலேயே அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. "அடுத்த ஆள்."

ஏஜெண்டின் ஆள் பையையும் அவனையும் சேர்த்து வாசலுக்குத் தள்ளினான். படியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள்.

"பாஸ்போர்ட்டுக்குத் தொட்டுக்க என்னண்ணே?" என்றான் ஒருவன். படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. காலையிலிருந்து அவர்கள் சிரித்தது அப்போதுதான்.

எஸ்.டி.டி. பூத்தில் நின்று வீட்டு நம்பரை அழுத்தினான். ஜரீனா எடுத்தாள்.

"என்ன, ஏறப்போறியா?"

"மர்ஜியாவக் கூப்பிடுங்க மதினி."

"எங்கிட்ட சொல்ல மாட்டியோ? ஏ மர்ஜியா, வா!"

"என்னங்க? எடுத்துட்டாங்களா?"

"காயில் கட்டினேன். நல்ல கைன்னு சொன்னாரு. எடுத்துட்டேன்னுதான் சொன்னாரு..."

"அல்ஹம்துலில்லாஹ்!"

"இரு. பாஸ்போர்ட் வீணாப்போச்சு மர்ஜியா. ஊறுகா கசிஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. வெளிய போன்னுட்டாங்க."



"யாரு வூட்டு ஊறுகா?"

அவன் பூத்தின் கண்ணாடியைப் பார்த்தான். விரலிடுக்கில் மெழுகு இன்னும் ஒட்டியிருந்தது.

"கொளஞ்சியக்காவுது."

"அவதானா?" என்று, போனில் காதை ஒட்டியிருந்த ஜரீனாவின் குரல் பின்னாலிருந்து கிழித்தது. "வேணாம் வேணாம்னு சொன்னேனே! இவதான் எடமிருக்குக்கா, எடமிருக்குக்கான்னு குழைஞ்சா!"

மர்ஜியா அழுதுகொண்டே பேசினாள். "ஒங்க மேல என்னங்க தப்பு? நீங்க என்ன செய்வீங்க? ஆண்டவனுக்குத் தெரியும். சொல்றவங்க சொல்லிட்டுப் போவட்டும், நீங்க வூட்டுக்கு வாங்க."

"பகல்ல தெருவுல நடக்க முடியாது மர்ஜியா. பெரம்பலூர்ல நான் வேல பாத்த கடையில இருந்துட்டு, நாளைக்கு இருட்டினதுக்கப்பறம் வரேன்."

போனை வைத்ததும் அவனுக்கு நெஞ்சு லேசானது. மர்ஜியாவே சொல்லிவிட்டாள், தன் மேல் தப்பில்லை என்று. அரை நாள் அதை அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அன்று இரவே ரயில் ஏறினான். விடியும்போது பெண்ணாடத்தில் ரயில் நின்றது. ஊருக்கு இறங்க வேண்டிய இடம். "எறங்கறீங்களா?" என்று கேட்டு ஒருவன் அவன் இடத்துக்குக் காத்து நின்றான். தவ்ஹீத் தலையைக் குனிந்துகொண்டான். அரியலூர் வந்தபோதும் இறங்க மனமில்லை. இப்படியே திருச்சி, அதற்கப்பால் எங்கேயாவது என்று தோன்றியது. பை காலை அழுத்தியது. அதில் ஒரு தெருவே இருந்தது. இறங்கி, சிமெண்டு லாரிகளுக்கு நடுவே பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்தான்.

பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் கேட்டது அந்தக் குரல்.

"தம்பி!"

கொளஞ்சியம்மாள் தூணோரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடி வந்தாள்.

"விடியறதுக்கு முந்தியே வந்துட்டேன். மர்ஜியாம்மாதான் சொன்னாங்க, நீங்க பெரம்பலூர் வந்துதான் வருவீங்கன்னு. எந்த பஸ்ஸுன்னு தெரியல, எல்லாத்துலயும் ஏறி ஏறிப் பாத்தேன்."

"எதுக்குக்கா வந்தீங்க?"

"எதுக்கா? ஒங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே தம்பி! நேத்துலேருந்து நான் யோசிக்காத யோசன இல்ல. மெழுகு ஆறறதுக்குள்ள துணிய கட்டிட்டனோ? மூடி பழசோ? தொங்க வுட்டுப் பாத்தப்ப கசியல தம்பி, எங்கண்ணால பாத்தேன். அப்பறம் எப்படி? நான் எதையோ சரியாச் செய்யல. என்னன்னுதான் தெரியல."

"வுடுங்கக்கா."

"எப்படி வுடறது? ஜரீனாம்மா நேத்து வாசல்ல நிக்க வெச்சுப் பேசுனாங்க. தெருவே பாத்துச்சு. 'ஒன் ஊறுகா என் கொழுந்தன் வேலையத் தின்னுச்சு, ஒன் மவன் வேலைய நான் தின்னுறேன் பாரு'ன்னாங்க. இன்னிக்கி வெள்ளிக்கிழம. ஜும்மா முடிஞ்சு அவங்க வூட்டுக்காரரு போன் பண்ணுவாராமே? கலைமணிய அடுத்த பிளைட்ல அனுப்பச் சொல்லப் போறாங்களாம்." அவள் குரல் இறங்கியது. "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. தெரியாம செஞ்சுட்டா, பாவம்னு சொல்லுங்க. ஒங்க கால்ல வேணா வுழுவுறேன்."

அவள் உண்மையிலேயே குனிந்தாள். தவ்ஹீத் பின்னால் நகர்ந்து யாரோ ஒருவர் மேல் மோதினான்.

"நான் மதினிகிட்ட பேசறேன்க்கா. கலைமணிய ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்றேன்."

"நெசமாவா?"

"சொல்றேன். கெஞ்சியாச்சும் சொல்றேன்."

"நல்லாருப்பீங்க தம்பி." அவள் கண்ணைத் துடைத்தாள். "அந்த பாட்டில ஒரு தடவ காட்டுங்க. எந்த எடத்துல நான் தப்புப் பண்ணேன்னு பாத்துக்கறேன். இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

அவன் பையைத் திறக்கவில்லை. ஒரு கண்டக்டர், "துறையூர், துறையூர்!" என்று கத்திக்கொண்டே அவர்களுக்கு நடுவில் புகுந்து போனார்.

"நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல."

"பின்ன?"

"நான் தொறந்தேன்."

"என்னது?"

"ரயில்ல. நான்தான் தொறந்தேன். மெழுகச் சுரண்டி எடுத்தேன். ஒரு துண்டு தின்னேன். திரும்ப சரியா மூடல."

கொளஞ்சியம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குத் தம்பி?"

"பசி. தொட்டுக்க ஒண்ணுமில்ல."

"நல்லா இருந்துச்சா?"

அவன் பையை இன்னொரு தோளுக்கு மாற்றினான்.

"கேட்டிருந்தா ஒங்களுக்குத் தனியா ஒரு கிண்ணம் குடுத்திருப்பேனே. அதுலயே மிச்சமிருந்துச்சே வூட்டுல." அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "நேத்துலேருந்து தெருவுல நான் தலை நிமிரல. எங்கையே எனக்குப் பகையாப் போச்சுன்னு நெனச்சேன். நீங்க போன்ல என்ன சொன்னீங்க? கொளஞ்சி ஊறுகான்னு மட்டும் சொன்னீங்க!"

"பொய் சொல்லலக்கா. ஒங்க ஊறுகாதானே..."

"வாய மூடுங்க தம்பி."

"அக்கா, நான் சொன்னா என்ன ஆவும் தெரியுமா? இப்ப வரைக்கும் பாவம், நேரம் சரியில்லாதவன். சொல்லிட்டா அமானிதத்தைத் தின்னவன். அதுக்கப்பறம் எங்க தெருவுல ஒருத்தன் எங்கையில ஒரு தீப்பெட்டி குடுக்க மாட்டான். கலைமணி வேலைக்கு நான் பொறுப்பு. கெஞ்சி காப்பாத்தித் தரேன்."

"என்னன்னு கெஞ்சுவீங்க? மன்னிச்சு வுட்டுடுங்கன்னா? செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு? அந்தம்மா இன்னிக்கி மன்னிப்பாங்க, அடுத்த மாசம் குழம்புல உப்பு கூடுனா ஞாபகம் வரும். எம்மவன் அங்க ஒவ்வொரு நாளும் அந்த மன்னிப்புலதான் நிக்கணும். வேணாம். நீங்க செஞ்சத நீங்க சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்ட் மூலையில் மஞ்சள் பலகையோடு பூத் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவன் நடந்தபோது அவளும் பின்னால் வந்து, கண்ணாடிக் கதவு சாத்தாதபடி காலை வைத்து நின்றாள்.

"மதினி, நான் தவ்ஹீத்."

"எங்க இருக்கே? ராத்திரிதானே வரேன்னே? அவ ஒன்னையத் தேடிக்கிட்டு வந்தாளாமே, கால்ல வுழுந்தாளா?"

"பாட்டில் தானா கசியல மதினி. நான் தொறந்தேன். தின்னேன். கொளஞ்சியக்கா சீல் வெச்ச மாதிரி மூடித்தான் குடுத்தாங்க. அண்ணன் போன் பண்ணா இதச் சொல்லுங்க. கலைமணிய ஒண்ணும் செய்யக் கூடாது."

ஜரீனா மெதுவாகவே பேசினாள்.

"ஒரு ராத்திரி வயித்தக் கட்ட முடியாதவன் மூணு வருசம் பாலைவனத்துல கெடந்திருப்பியா? அடுத்தவ புள்ளைக்குப் போற சோத்துல கைய வெச்சிருக்கே. இந்தா, ஒம் பொண்டாட்டி. நீயே சொல்லு."

"என்னங்க?" மர்ஜியா. "மதினி என்னமோ சொல்றாங்க. நெசமா?"

"ம்."

"எத்தன துண்டு?"

"ஒண்ணு."

"ஒண்ணு," என்றாள் அவள். "நேத்து தெருவுல நான் சத்தியம் பண்ணேன், ஒங்க மேல தப்பில்லன்னு. குர்ஆன் மேல பண்றேன்னு சொன்னேன். நல்லவேள, மதினி வேணாம்னுட்டாங்க."

"மர்ஜியா..."

"எனக்குன்னு ஒரு அடுப்பு கேட்டேன். ஒரு துண்டு ஊறுகாய்க்கு அதத் தின்னுட்டீங்க."

போன் கீழே வைக்கப்படவில்லை. பக்கத்தில் எங்கோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ வைத்தார்கள். வீட்டுக்கு வாங்க என்று அவள் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் தவ்ஹீத் பையைக் கொளஞ்சியம்மாளின் காலடியில் வைத்தான்.

"இத நீங்க கொண்டு போங்கக்கா. ஒவ்வொண்ணுலயும் பேரு எழுதியிருக்கு. மர்ஜியா பிரிச்சுக் குடுத்துருவா."

"நீங்க?"

"நான் வரல. காலையிலயே ரயில்ல பெண்ணாடத்துல எறங்காமதான் வந்தேன். அப்படியே எங்கயாச்சும் போயிருக்கணும்."

"எங்க போவீங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படி? இப்ப போன்ல நீங்க சொன்னத அந்தம்மா அவங்க வூட்டுக்காரருகிட்ட அப்படியே சொல்லுவாங்கன்னு நான் நம்பணுமா? தன் கொழுந்தன் மானம் போவுதுன்னு மறுபடியும் எந்தலையில கட்டிட்டா? போன் வரும்போது நீங்க பக்கத்துல நிக்கணும். அப்பறம் எங்க வேணா போங்க, கெணறோ குளமோ, நான் கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அவளே பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "ஜும்மாவுக்கு முந்தி போவணும். நடங்க."

லப்பைக்குடிக்காடு பஸ்ஸில் கூட்டமில்லை. பின்சீட்டில் பிஸ்கட் டின்களுக்கு நடுவே சமது உட்கார்ந்திருந்தார். தவ்ஹீதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்.

"ஒக்காருப்பா. எதுவும் சொல்ல வேணாம். நானும் இந்த பஸ்ஸுலதான் வந்தேன் அன்னிக்கி."

தவ்ஹீத் உட்கார்ந்தான்.

"மொதல் மாசம்தான் கஷ்டம். காது எரியும். அப்பறம் அந்தப் பேரே பேராயிடும். எங்கூட்டுக்காரியே ஒரு தடவ அப்படித்தான் கூப்பிட்டா, தெரியுமா?" சமது சிரித்தார். "இனிமே ரெண்டு பேரு இருக்கோம். எனக்கும் கொஞ்சம் பாரம் கொறையும்."

"எனக்கு அந்தப் பேரு கெடைக்காதுண்ணே."

"ஏம்ப்பா?"

"எனக்குக் கெடைக்கப்போற பேருக்கு அது எவ்வளவோ தேவலண்ணே."

கொளஞ்சியம்மாளின் மடியில் இருந்த பையிலிருந்து எழுந்த வாசனை பஸ் முழுக்கப் பரவியது. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"யாரும்மா ஊறுகா? நாக்குல தண்ணி ஊறுது. எங்க கொண்டு போறீங்க?"

"வூட்டுக்கு," என்றாள் அவள்.

பஸ் ரோட்டுக்கு ஏறி வேகம் பிடித்தது. தவ்ஹீத் கண்ணை மூடிக்கொண்டான். திருமாந்துறை நெருங்கும்போது முன்சீட்டிலிருந்து அவள் திரும்பாமலே சொன்னாள்.

"தம்பி, தூங்கறீங்களா?"

"இல்லக்கா."

"எடம் வந்தா நான் சொல்றேன். இந்தத் தடவ எறங்காம போயிடாதீங்க."